துவக்குக்குப் பூச்சு

போன கிழமை என் மகள் தையல் மெசினைத் திறந்துவைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் வாசல் சீலையைத் தாண்டி வந்ததும் பேப்பர் மடியில் இறங்கிவிட்டது.

"என்னம்மா, நித்திரையா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல, துவக்கு மணக்குது" என்றேன்.

வயது போனவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இப்படியான பதில்களுக்கு வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மகளும் கேட்கவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன எண்ணெய்த் தகரம் இருந்தது. நீண்ட மூக்கு. அடியை அமுக்கினால் 'டொக்' என்று ஒரு துளி விழும். அம்மா அதைத் தன் தையல் மெசினுக்கு வாங்கி வைப்பார். அப்பா தன் றிவோல்வருக்கு எடுத்துவிடுவார். சனிக்கிழமை பின்னேரம் முன் அறை மேசையில் பழைய சாரத் துண்டை விரித்து, அதன்மேல் றிவோல்வரை வைத்து, அப்பா துடைக்கத் தொடங்குவார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

"என்ட மெசின் காஞ்சு கத்துது. உங்கட துவக்கு எண்ணெய் குடிச்சுக் கொழுக்குது!"

அப்பா அப்போதிக்கரி. டாக்குத்தருக்கு ஒரு படி கீழே, கம்பவுண்டருக்கு ஒரு படி மேலே என்று அவரே சிரித்துக்கொண்டு விளக்குவார். ஆனால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவர் பார்த்த அரசாங்க மருந்துச்சாலையில் அவர்தான் எல்லாம். நாங்கள் குடியிருந்தது மட்டக்களப்பு டவுனில். கிழமை முழுக்க மருந்துச்சாலையிலேயே தங்கி, வெள்ளிக்கிழமை சைக்கிளில் வீட்டுக்கு வருவார். வழியெல்லாம் காட்டுக் கரை. யானை குறுக்கே நிற்கும். அந்தப் பக்கம் குளம் கட்ட வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், நாடு விட்டுப் போகும்போது தன் றிவோல்வரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முறையாக அரசாங்கக் கச்சேரியில் அனுமதியெல்லாம் எடுத்துத்தான். அப்பா அவருடைய மலேரியாவைச் சுகமாக்கியிருந்தார்.

வீரக் கதையை எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்து அப்பா அதைச் சுட்டது ஒரே ஒருமுறை. பழுகாமத்து வயல்வட்டையில் வேளாண்மை விளைந்து நின்ற நேரம், யானை இறங்கிவிட்டதென்று வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா போய் வரம்பில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வானத்துக்குச் சுட்டார். யானை போய்விட்டது. அப்பா தொப்பென்று சேற்றுக்குள் இருந்துவிட்டார். இதை அவர் வாயாலேயே கேட்டோம். மற்றப்படி அந்த றிவோல்வர் அதிகமாகச் செய்த வேலை ஆணி அடித்ததுதான். மருந்துச்சாலைச் சுவரில் கலண்டர் மாட்ட, மேசைக்கால் இறுக்க, எல்லாவற்றுக்கும் அதன் பிடிதான் சுத்தியல். பிடியின் அடியில் நாலைந்து தழும்பு இருந்தது.

வரும்போது அது புத்தம்புதிதாக, நாவற்பழத்தின் நிறத்தில் மின்னியதாம். நான் பார்க்க அப்படி இல்லை. இடுப்பில் தோலுறைக்குள் கிடந்து, அப்பாவின் வேர்வையும் வாவி உப்புக்காற்றும் பட்டு, குழலின் இடப்பக்கம் வெளிறி வெள்ளையாகிவிட்டது. மற்ற இடங்களில் நீலம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. அப்பா இருந்தவரை கறள் பிடிக்கவில்லை. அந்த ஒரு துளி எண்ணெய் காத்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு ஈரல் வருத்தம் வந்தது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவர், தன் வருத்தம் எவ்வளவு தூரம் என்று தானே தெரிந்துகொண்டு படுத்துவிட்டார். எனக்கு இரண்டு அண்ணன்மார். பெரியண்ணன் கச்சேரியில் கிளாக்கர். வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் விழப் பொறுக்கமாட்டார். சின்னண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். சேட்டில் பொத்தான் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. பெரியண்ணன் கொழும்புக்கு ரெயிலில் இடம் எடுத்து, பெரிய டாக்குத்தருக்கு ஆள் மூலம் சொல்லியும் வைத்துவிட்டார். சின்னண்ணன் மறித்தார். "அப்பா வரமாட்டன் எண்டு சொல்றார். அவரை அலைக்காம விடுங்க" என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். பெரியண்ணன் விட்டுவிட்டார். அந்த மாதம் முடியுமுன் அப்பா போய்விட்டார்.

அதைப் பற்றிப் பிறகு யாரும் யாரையும் ஒரு சொல் கேட்கவில்லை. எங்கள் வீட்டின் ஒழுங்கு அப்படி.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியண்ணன் பாலம் தாண்டிக் கல்லடிக்கு. சின்னண்ணன் படித்துக்கொடுக்கப் போன பழுகாமத்திலேயே மாப்பிள்ளையாகி அங்கேயே இருந்துவிட்டார். நானும் அம்மாவும் டவுன் வீட்டில். நான் அப்போது தபால் கந்தோரில் தந்தியும் ரெலிபோனும் பார்த்தேன். ஊரில் எந்தக் கதையும் என் காதுக்குள்ளால்தான் போகும். அதனால் எனக்குக் கொஞ்சம் பெரிய மனுசித் தோரணை. அம்மாவின் பெயருக்குத் துவக்கு அனுமதி மாறியது. டவுனில் றிவோல்வர் வைத்திருந்த ஒரே விதவைத் தாய் அவர்தான் என்று நினைக்கிறேன். றிவோல்வர் அலுமாரிக்குள். தோட்டாக்கள் அரிசிப் பானைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அண்ணன்மார் இருவரும் வருவார்கள். சின்னண்ணனுக்கு அது பெரிய பயணம். துறையில் பாதை ஏறி வாவியைக் கடக்கவேண்டும். வாகனமும் ஆளும் ஏற்றும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். பிறகு பஸ். அப்படி வந்தும் அண்ணனும் தம்பியும் பெரிதாகக் கதைப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியண்ணன் அலுமாரியைத் திறந்து றிவோல்வரை வெளியே எடுப்பார். அதிலிருந்துதான் பேச்சுத் தொடங்கும்.

"பாத்தியா, இஞ்ச புள்ளி விழுந்திட்டுது. இப்பிடியே விட்டா கறள் தின்னும். நல்லா உரைச்செடுத்து, நீலப் பூச்சுப் போடவேணும். புதுசாட்டம் வரும்."

"என்னத்துக்குப் புதுசாக்க? அப்பா பிடிச்ச பிடியில இரிக்கு. அப்பிடியே இருக்கட்டும்."

"கறள் பிடிக்க விட்டு வைக்கிறதா மரியாதை?"

"உரைச்சுத் தேய்ச்சா அப்பாட துவக்கு இரிக்காது. கடைத் துவக்குத்தான் இரிக்கும்."

ஒவ்வொரு ஞாயிறும் இதே சொற்கள். சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே அடுத்த வசனத்தை நான் முன்கூட்டிச் சொல்லிக் காட்டுவேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். இது இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. சிரிப்பதற்குரிய விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, மழை நேரம், பேச்சு வழக்கம்போலத் தொடங்கியது. சின்னண்ணன், "விடுங்கண்ணன், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றார். பெரியண்ணன் றிவோல்வரை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் சரியில்லை.

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னாய். விடுங்க, விடுங்க எண்டு. நான் விட்டன். ரெயில் ஏத்தியிருந்தா அந்த மனுசன் இண்டைக்கு இந்தக் கதிரையில இருப்பார்."

சின்னண்ணன் எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை, யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதுபோல இருந்தது. "போறன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மழைக்குள் குடை எடுக்காமல் போய்விட்டார். பெரியண்ணன் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மேசையில் றிவோல்வர் கிடந்தது. என் கையில் பாதி கழுவிய கோப்பை. அம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டுபேரும் ஒன்றாக வரவில்லை. ஒரு ஞாயிறு இவர், ஒரு ஞாயிறு அவர், பிறகு அதுவும் குறைந்தது. மாதங்கள் போயின. எண்ணெய் விட ஆளில்லாமல் றிவோல்வரில் கறள் உண்மையாகவே ஏறத் தொடங்கியது. ஒருநாள் அம்மா அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கந்தோருக்கு வெளிக்கிட்ட என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, சின்னவனுக்கு ஒரு தந்தி அடி. துவக்குக்கு ஒரு முடிவு எடுக்கப்போறன், ஞாயித்துக்கிழமை வரட்டாம் எண்டு."

தந்தி என்றால் சுருக்கம். அது என் தொழிற்பெருமை. தந்தியெல்லாம் அப்போது இங்கிலீசில்தான் போகும். அம்மாவின் நீண்ட வசனத்தை நான் வெட்டிக் கொத்தி, 'கன். கம். மதர்' என்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதும் தேவையில்லாத சொல்லாக எனக்குப் பட்டிருக்கிறது.

அன்று பின்னேரமே சின்னண்ணன் வந்துவிட்டார். எங்கள் வாசல் கடப்படியில் மூச்சிரைக்க நின்றார். சேட்டின் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன. காலில் ஒரு செருப்பு. மற்றது பாதை ஏறும்போது வாவிக்குள் போய்விட்டதாம்.

"ஆருக்கம்மா? ஆருக்கு என்ன நடந்த? அண்ணனுக்கா?"

அம்மா அவரைப் பிடித்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் அவர் வாயில் முதலில் வந்த கேள்வி அண்ணனைப் பற்றியது. அதை அம்மாவும் கேட்டார், நானும் கேட்டேன். தகவல் கிடைத்துக் கல்லடியிலிருந்து வந்துசேர்ந்த பெரியண்ணன், தம்பியின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு இருந்தார்.

அடுத்தநாள் காலை நாலுபேரும் புறப்பட்டோம். பறங்கியர் தெருவில் வின்சன்ற் பாஸ் என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கைவேலைக்காரரை நாங்கள் பாஸ் என்போம். பூட்டு, தையல் மெசின், வேட்டைத் துவக்கு எல்லாம் அவரிடம்தான் போகும். அம்மா கோயிலுக்கு உடுக்கும் சீலையை உடுத்திக்கொண்டார். றிவோல்வரை அப்பாவின் சாரத் துண்டில் சுற்றிப் பன்புல்லில் இழைத்த பன்பையின் அடியில் வைத்து, மேலே இரண்டு பிடி கீரையை வைத்தார். ஏன் கீரை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறைப்பதற்கு அல்ல, ஏனென்றால் வழியில் கண்டவர்கள், "எங்க எல்லாரும் குடும்பமாப் போறீங்க?" என்று கேட்க, அம்மா, "துவக்குத் திருத்தப் போறம்" என்று சந்தைக்குப் போகிறவரைப்போலச் சொல்லிக்கொண்டே நடந்தார். அவர்களும், "சரி, சரி, வெயில் ஏற முந்திப் போங்க" என்றார்கள்.

வின்சன்ற் பாஸ் பெரிய உடம்புக்காரர், வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. வீட்டுக்குள் மனைவியோடு அவர்களுடைய போர்த்துக்கீசப் பறங்கிப் பாஷையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். றிவோல்வரைத் திறந்து, ஆறு துளையும் வெறுமையா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

"குண்டு அரிசிப் பானைக்குள்ள இரிக்கு" என்றார் அம்மா.

"அங்கயே இருக்கட்டும்" என்றார் பாஸ்.

பிறகு விளக்கினார். கறளை மட்டும் எடுத்து எண்ணெய் பிடிக்கவைக்கலாம், அது ஒரு வேலை. புதிதாக்குவது என்றால் முழுவதையும் எமரித் தாளால் உரைத்து, வெள்ளையாக்கி, மருந்து பூசி நீலம் ஏற்றவேண்டும். அழகாக வரும். ஆனால் உரைக்கும்போது வெட்டிய எழுத்துகள் மங்கும், தழும்புகள் போகும். போனது போனதுதான். "ஆரு என்ன சொல்றீங்க?"

இரண்டு வருடமாக வாய் ஓயாமல் வாதாடிய இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"சரி, ஒரு விரலளவு செய்து காட்டுறன். பாத்துப்போட்டுச் சொல்லுங்க" என்றார் பாஸ். குழலின் இடப்பக்கத்தில், தோலுறை தேய்த்து வெளிறிய இடத்தின் ஓரத்தில், தாளை வைத்து உரைத்தார். துணியில் மருந்தை நனைத்துத் துடைத்தார். மறுபடி உரைத்து, மறுபடி துடைத்தார். ஒரு விரலளவு இடம் கறுநீலமாக, ஈரம்போல, மின்னிக்கொண்டு எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், மிக அழகாக இருந்தது. நான் "ஆ!" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பெரியண்ணன் குனிந்து பார்த்தார். அந்த மின்னலையும் பக்கத்தில் இருந்த வெளிறலையும் விரலால் தடவினார். "பாஸ், இதைத் திரும்பப் பழையபடி ஆக்க ஏலுமா?"

"ஏலாது."

"அப்ப காணும், போதும். விடுங்க."

சின்னண்ணன் நிமிர்ந்தார். "இல்லண்ணன். செய்வம். முழுக்கச் செய்வம்."

"வேணாம்டா. நீ சொன்னதுதான் சரி."

"நீங்க ஆசைப்பட்டது. செய்யட்டும்."

"நான்தான் வேணாம் எண்டு சொல்றனே!"

"ஒருக்கா நான் சொல்லி நீங்க விட்டது காணும், அண்ணன்." சின்னண்ணன் றிவோல்வரைப் பாஸின் பக்கம் தள்ளிவிட்டார். "இந்த முறை உங்கட சொல்லு நடக்கட்டும்."

பாஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவருக்குக் கதை தெரியாது, ஆனால் இது இரும்பைப் பற்றிய பேச்சில்லை என்பது விளங்கியிருக்கவேண்டும். "ரெண்டு தம்பிமாரும் வெளிய போய்க் கதைச்சுப்போட்டு வாங்க. நான் பொறுப்பன்" என்றார், மெதுவாக.

பட்டறையின் பின்கதவு வாவிக் கரைக்குத் திறக்கும். இருவரும் போய்க் கண்ணா மரப் பற்றை ஓரம் நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் கேட்ட என் காதுக்கு அன்று ஒன்றும் எட்டவில்லை. ஒரு நேரம் பெரியண்ணன் அந்த மடிப்புக் கலையாத சேட்டின் கையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. சின்னண்ணன் அவர் முதுகில் கைவைத்திருந்தார்.

"பாக்காத புள்ள" என்றார் அம்மா. தான் பார்த்துக்கொண்டே.

திரும்பி வந்து, கறளை மட்டும் எடுத்தால் போதும் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். கீரையை அம்மா பாஸின் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஒரு விரலளவு நீலம் மட்டும் அப்படியே நின்றது, பள்ளிக்கூடப் பிள்ளையின் மைக்கறைபோல. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. பெரியண்ணன் அந்த இடத்தைத் தட்டி, "இவ்வளவு என்ட வெற்றி" என்பார். சின்னண்ணன் மற்ற இடம் முழுவதையும் தடவி, "இவ்வளவு என்ட" என்பார். இருவரும் சேர்ந்து என் தந்தியை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னார்கள். அப்படியும் அந்த மாப்பிள்ளை என்னைக் கட்டினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், தெற்கில் கிளர்ச்சி வெடித்துக் குழப்பம் வந்தபோது, அனுமதி உள்ள துவக்குகளையும் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அம்மா மறுபடியும் அந்தச் சீலையை உடுத்திப் பன்பையோடு போனார். நானும் போனேன். வாங்கிய சார்ஜன், "அம்மா, இது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"ஆணி அடிக்கும்" என்றார் அம்மா.

அது திரும்பி வரவில்லை. ஓரிரு முறை போய்க் கேட்டதில், எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அந்த ஞாயிறு அதை அண்ணன்மாரிடம் சொன்னோம். பெரியண்ணன், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "துவக்காவது கொழும்புக்குப் போச்சே" என்றார். சின்னண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் அம்மா. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்று, பிறகு எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தேன்.

கதைக்கத் துவக்கு இல்லாமலும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள்.

பிறகு வந்த காலத்தை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. வின்சன்ற் பாஸின் பிள்ளைகள் அவுஸ்திரேலியா போனார்கள். பட்டறை இருந்த இடத்தில் இன்று கைபேசிக் கடை. எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், தெருவை வளைத்துப் பிடித்து வீடு வீடாகத் தேடி வந்தார்கள். எங்கள் முன் அறைக்குள்ளும் இரண்டு ஆமிக்காரப் பொடியன்கள். மீசை சரியாக முளைக்காத ஒருவன், அரைகுறைத் தமிழில், "வீட்டுல துவக்கு இருக்கா?" என்று கேட்டான்.

அம்மாவுக்கு அப்போது கண் பார்வை பாதிதான். சாய்மனைக் கதிரையில் இருந்தவரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"இருந்தது மனே. நல்ல துவக்கு. என்ட மகன்மார் ரெண்டு பேரும் அதுக்குப் பூச்சுப்..."

நான் பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன். பொடியன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "வயது போயிட்டுது, பழைய கதை" என்றேன். அவன் அலுமாரியைத் திறந்து சீலைகளைக் கிளறிவிட்டுப் போய்விட்டான்.

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "ஏன் புள்ள பொத்தினாய்? நம்மட வீட்டுக் கதைதானே. அந்தப் பொடியனும் கேட்டுச் சிரிச்சிருப்பான்."

நான் அவன் கிளறிய சீலைகளை மடித்து அடுக்கினேன். அதன் பிறகு அண்ணன்மார் வந்தாலும், அந்தக் கதை வந்தால், எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தோம். சத்தமாகச் சொல்லிப் பழகிய கதையை மெதுவாகச் சொன்னால் சிரிப்பு வருவதில்லை. கொஞ்சக் காலத்தில் விட்டுவிட்டோம்.

இப்போது ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. எவ்வளவு சத்தமாகவும் சொல்லலாம். அம்மாவும் இல்லை, அண்ணன்மார் இருவரும் இல்லை. 'கன். கம். மதர்' என்று நான் சொன்னால், அதில் என்ன சிரிப்பு என்று என் மகள் கேட்கிறாள்.